ஆறு சிவப்புப் பொட்டும் ஒன்பது வால்வும்

தம்பி, வாங்கிய பழைய பெட்டியைப் பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெட்டியை இப்போதே பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பாளையங்கோட்டைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய அந்தச் சாம்பல் நிறத் தகரப் பெட்டி எனக்கு நன்றாகத் தெரிந்த ஜாதி. முன்பக்கம் ஆறு சின்ன விளக்கு, அவற்றின் கீழே 1, 2, 4, 8, 16, 32 என்று எழுத்து, ஓரத்தில் பழைய கரண்ட் மீட்டர் மாதிரி உருளும் எண்கள், உள்ளே ஒன்பது வால்வு, அதாவது பழைய ரேடியோக்களில் செம்மையாக ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய். அதற்குப் பெயர் ஸ்கேலர். கதிரியக்கத்தை உணர்ந்து ஒவ்வொரு முறையும் ஒரு பல்ஸ் (மின்துடிப்பு) கொடுக்கிற கைகர் குழாயோடு சேர்த்து ‘ஜி.எம். கவுண்டர்’ என்று எம்.எஸ்ஸி. பிராக்டிகலில் வைப்பார்களே, அதன் கணக்குப்பிள்ளை. நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ரேடியோ கடையில் தொழில் பழகி, பிறகு ஒரு கல்லூரி லேபில் கருவிகளைப் பார்த்துக்கொண்டவன். மணவாளக்குறிச்சிக் கடல் மணலை ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தோம். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. பொட்டலத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், முதல் விளக்கு நடுங்க ஆரம்பித்துவிடும்.

‘ஐ.சி. (சிலிக்கான் சிப்) ஒன்றுகூட இல்லாமல் எப்படி எண்ணுகிறது’ என்பதுதானே உங்கள் பெரிய கேள்வி. எண்ணுவது என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். எங்கள் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார். ஒரு கோட்டை நிறைந்ததும் ஓரமாக ஒரு கைப்பிடி நெல்லை வைத்துவிட்டு மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்குவார். அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு கோட்டைக்குள் எத்தனையாவது மரக்கால் என்பது மட்டும்தான், மீதியை அந்தக் கைப்பிடிகள் பார்த்துக்கொள்ளும். எண்ணுவதற்கு இரண்டே விஷயம் வேண்டும்: இப்போது எங்கே நிற்கிறோம் என்ற ஞாபகம், நிறைந்தால் அடுத்தவனுக்குச் சொல்லிவிடுகிற பழக்கம். வால்வுக்கு இந்த இரண்டையும் கற்றுக்கொடுத்துவிட்டால் அது எண்ணும்.

ஞாபகத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1918இல் காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள். விஷயம் எளிது. இரண்டு டிரையோடு வால்வுகள். டிரையோடில் சூடேறிய கேத்தோடிலிருந்து ஆனோடுக்கு எலக்ட்ரான் ஓடும், நடுவில் இருக்கிற கிரிட்டின் வோல்ட்டேஜ் இறங்கினால் அந்த ஓட்டம் அடைபடும். ஒவ்வொன்றின் ஆனோடிலிருந்தும் ஒரு ரெசிஸ்டர் மற்றதன் கிரிட்டுக்குப் போகிறது. முதல் வால்வு கரண்ட் கடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆனோடு வோல்ட்டேஜ் இறங்கும். அது இறங்கினால் இரண்டாவதன் கிரிட்டும் இறங்கும், இரண்டாவது வால்வு அடைந்துபோகும். அடைந்துபோனால் அதன் ஆனோடு உயரும், அந்த உயரம் முதல் வால்வின் கிரிட்டைத் தூக்கிப் பிடித்து, ‘நீயே கடத்து’ என்று நிறுத்திவைக்கும். ஒருவனை ஒருவன் அந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள். பழைய வீடுகளில் கறுப்பாக உருண்டையாக ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்கள், மேலே அல்லது கீழே, நடுவில் நிற்கவே நிற்காது. அதே குணம்.

இப்போது ஒரு நெகட்டிவ் பல்ஸ் வருகிறது. அது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறது. ஏற்கெனவே அடைந்துகிடப்பவனுக்கு அது உறைக்காது. விழித்திருப்பவன் சட்டென்று அடைந்துபோவான். அவன் ஆனோடு எகிறும், அந்த எகிறல் மற்றவனின் கிரிட்டைத் தூக்கும், அவன் கடத்தத் தொடங்குவான். சுவிட்ச் மறுபக்கம் விழுந்துவிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பல்ஸ் அடிக்கிற அந்தக் கணத்தில் இரண்டு பேருமே மயங்கிக் கிடந்தால், முன்னால் யார் விழித்திருந்தான் என்பது எப்படித் தெரியும்? அதற்குத்தான் குறுக்கே போகும் ஒவ்வொரு ரெசிஸ்டரின் மேலும் ஒரு குட்டிக் கண்டென்சர் போட்டிருப்பார்கள், 50, 100 பிகோ ஃபாரட் அளவில். பழைய நிலையை அந்த ஒரு கணத்துக்குச் சார்ஜாகப் பிடித்து வைத்திருப்பது அதுதான். உங்கள் பெட்டியில் வால்வு சாக்கெட்டுக்கு அடியில் ஜோடி ஜோடியாக மைக்கா கண்டென்சர் தெரிந்தால் அவைதான். ‘இத்தனை சின்னது எதற்கு, வெட்டிவிடலாம்’ என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு டிரையோடும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் வால்வுகள் உண்டு: 12ஏயு7, அதாவது இசிசி82, அதற்கும் முந்திய 6எஸ்என்7. ஒரு வால்வு, ஒரு சுவிட்ச். ஆறு விளக்குக்கு ஆறு வால்வு ஆயிற்று. மீதி மூன்றில் ஒன்று குழாயிலிருந்து வரும் பல்ஸை ஒழுங்குபண்ணுவதாகவும், ஒன்று உருளும் எண்ணை இழுப்பதாகவும், ஒன்று ஏ.சி.யை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயராகவும் இருக்கும். பெயர்களைப் பார்த்து எழுதுங்கள், சரியாகச் சொல்கிறேன்.

அடுத்தவனுக்குச் சொல்வது எப்படி? சுவிட்ச் ஒரு பக்கம் விழுந்து, மறுபடி பழைய பக்கத்துக்கு வர இரண்டு பல்ஸ் வேண்டும். திரும்பி வரும்போது ஒரு ஆனோடு சடாரென்று இறங்குகிறது அல்லவா, அதை அடுத்த வால்வுக்குப் பல்ஸாக அனுப்பிவிடுவார்கள். போகும்போது எழுகிற பாசிட்டிவ் பல்ஸை அடுத்த வால்வு கண்டுகொள்ளாது. ஆகவே இரண்டு வந்தால் ஒன்று அடுத்தவனுக்கு. அவனுக்கு இரண்டு வந்தால் ஒன்று அதற்கு அடுத்தவனுக்கு. ஆறு படி ஏறினால் 64க்கு ஒன்று வெளியே வரும், அது உருளும் எண்ணை ஒரு தட்டுத் தட்டும். விளக்கின் கீழே 3, 5, 7 எல்லாம் ஏன் இல்லை என்றால் தேவை இல்லை. தராசுக் கடையில் 1, 2, 4, 8 என்று நாலு படிக்கல் இருந்தால் பதினைந்து வரை எதையும் நிறுக்கலாம். எரிகிற விளக்குகளைக் கூட்டினால் போதும். உருளும் எண் 157 காட்டி, 32, 8, 1 ஆகிய மூன்று விளக்கு எரிந்தால்: 157ஐ 64ஆல் பெருக்கினால் 10,048. விளக்குகளின் கூட்டல் 41. மொத்தம் 10,089.

இந்தச் சுற்றி வளைக்கிற வேலை எதற்கு, பல்ஸை நேரே உருளும் எண்ணுக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தவர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கேம்பிரிட்ஜில் அணு விஞ்ஞானி ரூதர்போர்டின் கேவண்டிஷ் லேபில் முதலில் ஆட்களே இருட்டறையில் உட்கார்ந்து துத்தநாக சல்ஃபைடு திரையில் மின்னும் பொறிகளைக் கண்ணால் எண்ணினார்கள். பிறகு இயந்திர எண்ணி வந்தது. ஆனால் அதற்கு இரும்பு ஒன்று இழுபட்டு, பல்சக்கரம் ஒன்று நகர்ந்து, மறுபடி விழ வேண்டும். அணுவிலிருந்து வருவதோ கும்பகோணம் வண்டி மாதிரி நேரம் பார்த்து வராது. ஒரு நொடி சும்மா இருக்கும், அடுத்த நொடியில் கொத்தாக விழும். கொத்தில் பாதியை இயந்திரம் தவறவிட்டுவிடும். அங்கே வேலைபார்த்த வின்-வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1932இல் இந்த ‘இரண்டுக்கு ஒன்று’ முறையைச் செய்துகாட்டினார். அவர் வைத்தது சாதாரண வால்வு அல்ல, வாயு நிறைத்த தைரட்ரான். ஒருமுறை பற்றிக்கொண்டால் கிரிட் சொல்வதைக் கேட்காது, ஆனோடு வோல்ட்டேஜை இறக்கினால்தான் அணையும். இரண்டு ஆனோடுக்கும் நடுவே ஒரு கண்டென்சர் போட்டு, ஒன்று பற்றும்போது மற்றது அணையும்படி பண்ணினார். 64க்கு ஒன்றாகப் பிரிப்பதில் இன்னொரு நல்லதும் உண்டு. கொத்துக் கொத்தாக வந்தவை பிரிக்கப் பிரிக்கச் சீராகிவிடும். கடைசியில் இயந்திர எண்ணிக்குப் போகிற தட்டுகள் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் விழும்.

இனி விளக்குக்கு வருவோம். அது ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலேயே ஒன்று கிடக்கும்: டெஸ்டர். ஸ்குரூ டிரைவர் பிடிக்குள் சிவப்பாக மினுங்குகிறதே, அதே நியான் பல்பு. உள்ளே இழை கிடையாது. ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பி, சுற்றிலும் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. சுமார் 65 முதல் 90 வோல்ட்டுக்குள் ஓர் இடத்தில் வாயு உடைந்து ஒளிரும், பற்றியபிறகு 50, 60 வோல்ட்டுக்கு இறங்கி அதிலேயே நிற்கும். அதற்குக் கீழே போனால் அணைந்துவிடும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியரைவிடக் குறைவு, அதைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் தொடரில் இருக்கும். டெஸ்டரிலும் அந்த ரெசிஸ்டர் இருப்பதால்தான் விரலை வைத்துக்கொண்டு நாம் இன்னும் உயிரோடு இருக்கிறோம்.

வால்வுக்கும் நியானுக்கும் இருக்கிற பொருத்தம் மாமன் மகள் பொருத்தம். ஒரு மாதிரிக் கணக்கு: சப்ளை 250 வோல்ட், ஆனோடில் 20 கிலோ ஓம் ரெசிஸ்டர், கடத்தும் வால்வில் 6 மில்லி ஆம்பியர். அந்த ரெசிஸ்டரின் மேல் 120 வோல்ட் விழும். அடைந்திருக்கும் வால்வின் ரெசிஸ்டர் மேல் 30 வோல்ட் போலத்தான். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே நியானையும் அதன் தொடர் ரெசிஸ்டரையும் கட்டிவிட்டால், கடத்தும்போது 120 வோல்ட்டில் எரியும், அடையும்போது 30இல் அணையும். தனி சுவிட்ச் வேண்டாம், தனி சப்ளை வேண்டாம். இழை பல்பை எரிக்க இந்த ஆறு மில்லி ஆம்பியர் எந்த மூலைக்கும் காணாது. அதனால்தான் 1940களிலும் 50களிலும் வந்த எண்ணும் கருவிகளில் எங்கு பார்த்தாலும் இந்தச் சிவப்புப் பொட்டு. எனியாக் என்ற பெரிய கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வு. அதன் எண்களும் நியான் விளக்குகளில்தான் தெரிந்தன. 1946இல் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டும்போது அந்த விளக்குகள் கண்ணில் படவேண்டும் என்று பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி எண் எழுதி மேலே கவிழ்த்தார்களாம். வித்தை காட்டுவது எல்லா ஊருக்கும் பொது.

ஒன்றைக் கவனியுங்கள். நேர்மின்சாரத்தில் நியானின் இரண்டு கம்பியில் நெகட்டிவ் கம்பியைச் சுற்றி மட்டும்தான் ஒளிரும். டெஸ்டரில் ஏ.சி. என்பதால் இரண்டும் மாறி மாறி எரிந்து, கண்ணுக்கு இரண்டுமே எரிவதாகத் தெரியும். உங்கள் பெட்டியில் ஏதாவது விளக்கில் இரண்டு கம்பியும் ஒளிர்ந்தால் அங்கே ஏ.சி. கசிகிறது என்று கொள்ளலாம்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருநாள் மூடி போட்ட ஒரு ஸ்கேலரில் விளக்கு தாமதமாகப் பற்றியது. மூடியைக் கழற்றிச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. மூடினால் மறுபடி மக்கர். இரண்டு நாள் வால்வு வால்வாக மாற்றினேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: “ஏல, இருட்டுல அவனுக்குக் கண்ணு தெரியலல.” விஷயம் அதுதான். வாயு உடைய முதல் எலக்ட்ரான் ஒன்று வேண்டும். வெளிச்சம் பட்டால் கம்பியிலிருந்து அது கிளம்பும், முழு இருட்டில் அதற்குக் காத்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் இதற்காகவே துளி கதிரியக்கப் பொருளை உள்ளே வைத்துவிடும். எண்ணிக்கை தவறவில்லை, விளக்கு மட்டும்தான் பிந்தியது. இந்தப் பெட்டியில் விளக்கு சாட்சி மட்டுமே, கணக்கு வால்வில் இருக்கிறது.

விளக்கே கணக்காகவும் இருக்கிற குழாய் ஒன்றும் வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது: டெக்கட்ரான். இங்கிலாந்தில் 1950ஐ ஒட்டி எரிக்சன் டெலிபோன்ஸ் கம்பெனியார் செய்தது. நடுவில் வட்டத் தகடாக ஆனோடு, சுற்றிலும் முப்பது குச்சிகள். பத்து குச்சி எண்களுக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே இரண்டு வழிகாட்டிக் குச்சிகள். ஏதாவது ஒரு எண் குச்சியில் ஒளிப்பொட்டு நிற்கும். பல்ஸ் வந்தால் முதல் வழிகாட்டி நெகட்டிவ் ஆகி ஒளியைத் தன்பக்கம் இழுக்கும், உடனே இரண்டாவது வழிகாட்டி அதனிடமிருந்து வாங்கும், பிறகு அது விட்டுவிட ஒளி அடுத்த எண்ணில் போய் உட்காரும். ஏன் எதிர்ப்பக்கக் குச்சிக்குத் தாவவில்லை? திருக்கார்த்திகைக்கு வரிசையாக அகல் வைத்தால், எரிகிற சுடரின் சூடு பக்கத்துத் திரியைத்தான் முதலில் தயார்பண்ணும். அப்படி ஒளியின் பக்கத்து வாயுதான் ஏற்கெனவே அயனியாகிப் பாதி தயாராக இருக்கும். இரண்டு வழிகாட்டிகளுக்கும் பல்ஸ் போகும் வரிசையை மாற்றினால் பொட்டு பின்னோக்கி எண்ணும். பூஜ்யக் குச்சியில் வந்து நின்றதும் அதிலிருந்து ஒரு பல்ஸ் எடுத்து அடுத்த குழாய்க்கு. பல்லாங்குழி முத்து மாதிரி சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேகம்தான் போதாது. நியான் நிறைத்தவை நொடிக்கு 4,000 அளவு. இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1951இல் இதை வைத்தே ஒரு கம்ப்யூட்டர் கட்டினார்கள். அதைச் செப்பனிட்டு 2012இல் இங்கிலாந்து அருங்காட்சியகம் ஒன்றில் மறுபடி ஓடவிட்டார்கள்.

நிக்ஸி குழாயையும் கேட்டிருந்தீர்கள். எண் வடிவத்தில் வளைத்த பத்துக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய நியான் பல்பு, அவ்வளவுதான். எதற்கு நெகட்டிவ் கொடுக்கிறோமோ அந்த எண் ஒளிரும். 1955இல் அமெரிக்காவின் பரோஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்க்க அழகு, ஆனால் அதற்கு எண்ணத் தெரியாது. தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் திருநெல்வேலி வானொலியோ இலங்கை வானொலியோ சரியாக விழுந்ததும் ஒடுங்கும் பச்சைக் கண் தனி ஜாதி. அதில் வாயு கிடையாது, எலக்ட்ரான் பட்டு மினுங்கும் பூச்சு.

சரி, பத்துப் பத்தாக எண்ண வேண்டும் என்றால், 16 வரை போகிற நாலு வால்வைப் பத்தோடு எப்படி நிறுத்துவது? இதில் ஒரு அழகான தந்திரம் உண்டு. எட்டாவது பல்ஸில் நாலாவது சுவிட்ச் விழும்போது அதிலிருந்து ஒரு பல்ஸைப் பின்னோக்கி அனுப்பி இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். 8இல் நிற்க வேண்டியது ஆறு படி தாண்டி 14இல் போய் நிற்கும். ஒன்பதாவதுக்கு 15. பத்தாவதுக்கு நாலுமே கவிழ்ந்து பூஜ்யம். இந்த மாதிரிப் பெட்டியில் விளக்குகளுக்குக் கீழே 1, 2, 4, 2 என்று எழுதியிருக்கும். எட்டுக்கு 2, 4, 2 எரியும், கூட்டினால் 8. ஒன்பதுக்கு நாலும் எரியும், கூட்டினால் 9. பார்த்தவர்கள் அச்சுப்பிழை என்பார்கள். ரிப்பேருக்கு வந்தால் பத்துக்குப் பதில் பதினாறில் கவிழ்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். கவிழ்ந்தால் பின்னோக்கிப் போகிற அந்தக் கண்டென்சர் செத்துவிட்டது.

வால்வும் ஒரு தினுசாகக் கெடும். ஹீட்டர் சூடாகவே இருக்க, கரண்ட் மட்டும் கடத்தாமல் மாதக்கணக்கில் அடைந்துகிடந்தால், கேத்தோடின் பூச்சுக்கும் அதன் உலோகத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வளர்ந்துவிடும். கடைசியில் கூப்பிடும்போது எழுந்திருக்காது. வேலை பார்த்துக் கெடுவதைவிட, சும்மா உட்கார்ந்து கெடுகிறது. வால்வு டெஸ்டரில் போட்டால் ஹீட்டர் சரி, கண்ணாடி சரி, எல்லாம் சரி. இதற்காகவே எண்ணும் வேலைக்கென்று தனி கேத்தோடு வைத்த 5963, இ92சிசி போன்ற வால்வுகள் வந்தன.

இனி மின்சாரம். உங்கள் பெட்டியில் 250, 300 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது, கைகர் குழாய்க்கென்று அதைவிடப் பல நூறு வோல்ட் கூடுதலான சப்ளையும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கும். நீளமான கைப்பிடி போட்ட ரெசிஸ்டரால் தணித்துவிட்டுத் தொடுங்கள், இடது கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். பேப்பர் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கார்பன் ரெசிஸ்டர்களை அளந்து பாருங்கள். வருஷம் ஆக ஆக மதிப்பு ஏறியிருக்கும். ஒரு சுவிட்சின் இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் அது ஒருக்களித்து ஒரே பக்கம் விழும், அதோடு அடுத்த விளக்குகள் எல்லாம் செத்த மாதிரி இருக்கும். குற்றாலச் சாரல் காற்று இந்தப் பக்கம் எட்டுகிற ஆனி, ஆடியில் வேண்டாம். ஈரம் கசிவைக் கூட்டும். எங்கள் லேபில் அந்த மாதங்களில் மணல் பொட்டலம் இல்லாமலே எண்ணிக்கை ஏறும்.

முதல் தடவை நேரே மாட்டாமல் 60 வாட் இழை பல்பை சீரிஸில் போட்டு மாட்டுங்கள். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்குங்கள், ஷார்ட். ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்ல சகுனம். அரை நிமிடம் கழித்து வால்வுகளில் செம்மை தெரிந்ததும் ரீசெட்டை அழுத்துங்கள், ஆறு விளக்கும் அணைய வேண்டும்.

பிறகு 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து இன்புட்டுக்கு ஏ.சி. கொடுங்கள். நொடிக்கு 50. கடிகாரத்தைப் பார்த்து சரியாக ஒரு நிமிடம் நாலு நொடி விடுங்கள், அதாவது 64 நொடி. உருளும் எண் 50 நகர்ந்திருந்தால் பெட்டி சரி. லைனின் ஏற்றத்தாழ்வில் ஒன்று முன்பின் இருக்கலாம். 100 காட்டினால் இன்புட் வால்வு ஒவ்வொரு அலைக்கும் இரண்டு பல்ஸ் கொடுக்கிறது, அதன் பயாஸை, அதாவது கிரிட்டுக்குக் கொடுத்திருக்கும் நிலையான வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே நகரவில்லை என்றால், இடமிருந்து வலமாக எந்த விளக்கு வரை மினுங்குகிறது என்று மட்டும் எழுதுங்கள். எந்த வால்வுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.